பதவி போன பிறகு தொடங்கிய ஆடம்ஸ்

ஜான் குவின்சி ஆடம்ஸ், அமெரிக்காவின் ஆறாவது அதிபர். நாலு வருடம் ஆண்டார், தோற்றார், அவ்வளவுதான் என்று இரண்டு வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அவருடைய ஆட்சி சோபிக்கவில்லை என்பது உண்மைதான். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முடிவு செய்ய மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் வாக்குகள்), இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபை இவரைத் தேர்ந்தெடுத்தது. ஆதரவு தந்த ஹென்றி கிளேயை வெளியுறவு அமைச்சராக்கியதும், பேரம் பேசி வாங்கிய பதவி என்ற பழி ஒட்டிக்கொண்டது. 1828-ல் ஜாக்சனிடம் படுதோல்வி.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். 1831-ல் மாசசூசெட்ஸிலிருந்து சாதாரண உறுப்பினராக அதே பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். அதிபராக இருந்துவிட்டு அந்தச் சபைக்குப் போனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். சாகும்வரை 17 வருடம் அங்கேயே இருந்தார்.

அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மனுக்கள் வந்து குவிந்த காலம் அது. 1836-ல் சபை ஒரு வாய்ப்பூட்டு விதி போட்டது: அப்படிப்பட்ட மனுக்களை விவாதிக்கவும் கூடாது, அச்சிடவும் கூடாது, அப்படியே கிடப்பில் போட வேண்டும். மக்களின் மனு உரிமையையே பறிக்கிறீர்கள் என்று ஆடம்ஸ் கொதித்தார். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் மனுக்களோடு எழுந்து நின்றார்.

1837 பிப்ரவரியில் நடந்தது இது. 22 அடிமைகளிடமிருந்து வந்ததாகச் சொல்லும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, அது அந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகர் ஜேம்ஸ் போக்கிடம் கேட்டார். அடிமைக்கு மனுப் போடும் உரிமையா? சபையே கொந்தளித்தது. அவரைக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கத்தி முடித்த பிறகு அமைதியாகச் சொன்னார்: அந்த மனு கேட்பது அடிமை ஒழிப்பை அல்ல, அதற்கு நேர் எதிரானதை. கண்டனத் தீர்மானம் தோற்றுப்போனது. 1842-ல் மறுபடி முயன்றார்கள், அதுவும் நடக்கவில்லை.

இதற்கு நடுவே 1841-ல் அமிஸ்டாட் என்ற கப்பல் தொடர்பான வழக்கு. கடத்திக் கொண்டுவரப்பட்டு, அந்தக் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக, 73 வயதில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். அவர்கள் விடுதலையானார்கள்.

1844 டிசம்பர் 3-ல் வாய்ப்பூட்டு விதி 108க்கு 80 என்ற கணக்கில் நீக்கப்பட்டது. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் ஆடம்ஸ்தான். எட்டு வருடப் போராட்டம். அன்றைய நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அடிமை முறை பெரிய கறை என்று 1820-லேயே நாட்குறிப்பில் எழுதியவர், வெளியில் வாய் திறக்கவில்லை. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் பிரிட்டிஷ் படையோடு போய்விட்ட அடிமைகளுக்காக அவர்களை வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று அதிபராவதற்கு முன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது வலியுறுத்தியவரும் இவரே. அதிபர் நாற்காலி கண்ணில் தெரிந்தவரை அந்த மௌனம் அவருக்குத் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். 60 வயது தாண்டி, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, அந்த மௌனத்தைச் சபை நடுவில் உடைத்தார் பாருங்கள், அவருடைய நாலு வருட ஆட்சியைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.