அண்ணாச்சி, அது ஸ்டேடியம்தான்

நேற்று நம் குழுவில் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் அந்த கமெண்டைத் தேட வேண்டாம். எழுதியவரே அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் என் மகள் படித்துவிட்டாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லாந்தில், ரைமாண்டி பார்க் என்ற பொதுப் பூங்காவின் வேலியோரம் நின்று எடுத்த படம் அது. வரும் செவ்வாய்க்கிழமை, 2024 ஜூன் 4, ஓக்லாந்து பாலர்ஸ் என்ற புது பேஸ்பால் அணி தன் சொந்த மண்ணில் முதல் ஆட்டத்தை அங்கேதான் ஆடப்போகிறது. கேலரிக்கு இரண்டு பேர் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி, "இதெல்லாம் ஒரு ஸ்டேடியமா? கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு. அந்த ஏரியாவுக்குப் பொம்பளப் பிள்ளைய வேற கூட்டிட்டுப் போறீங்களாக்கும்" என்று எழுதியிருந்தீர்கள்.

இரண்டாவது வரிக்கு அப்புறம் வருகிறேன். முதல் வரிக்கு என் பதில்: ஆமாம், ஸ்டேடியம்தான்.

நீங்களும் நானும் கோவில்பட்டிக்காரர்கள். சவுக்குக் கம்பை ஊன்றி, கயிறு கட்டி, மேலே பலகை போட்டால் அது நமக்கு கேலரி. மே மாத வெயிலில் ஹாக்கி டோர்னமெண்ட் பார்க்க அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவார். பலகை இடுக்கில் தொடை மாட்டிக் கன்றிப்போகும். ஒருமுறை கோல் விழுந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் கேலரியே ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா ஒரு கையால் கம்பையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, அப்போதும் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை யாராவது "இது ஸ்டேடியமா" என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

அதே மாதிரிதான் இதுவும். மொத்தச் செலவு சுமார் 16 லட்சம் டாலர் என்கிறார்கள். உட்கார ஏறக்குறைய 4,000 பேருக்கு இடம். லாஸ் வேகஸில் ஏ அணிக்காக, அதாவது ஓக்லாந்தை விட்டுப் போகிற அத்லெட்டிக்ஸ் என்ற பெரிய பேஸ்பால் அணிக்காக, கட்டத் திட்டமிட்டிருப்பது 33,000 பேருக்கான மைதானம். அதற்கு நெவாடா சட்டமன்றம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் வரைபடத்தை நம் குழுவில் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்! "வேற லெவல்" என்று போட்டீர்கள். 2024 மே முடிகிற இந்த நேரம் வரை அந்த இடத்தில் இருக்கிற பழைய ஓட்டலைக்கூட இடிக்கவில்லை. அந்த வரைபடம் உங்களுக்கு ஸ்டேடியம், ரசிகர்கள் வந்து உட்காரப்போகும் இது பந்தலா?

சரி, ஓக்லாந்துக்காரர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். 2019இல் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி பாலம் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. 2020இல் ரெய்டர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி வேகஸுக்குப் போனது. 1968 முதல் இங்கே ஆடி நான்கு முறை உலகத் தொடரை, அதாவது பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்தை, வென்ற ஏ அணிக்கு இந்த 2024தான் இங்கே கடைசி வருடம். அடுத்த வருடம் சாக்ரமெண்டோ பக்கம், பிறகு வேகஸ். ஐந்தாறு வருடத்துக்குள் ஒரே ஊரிலிருந்து மூன்று அணிகள்.

"ரசிகர்கள் மைதானத்துக்கு வரவில்லை, அதனால்தான் அணி போகிறது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 ஜூன் 13ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேலை நாள். ரசிகர்கள் தாங்களே ஏற்பாடு செய்து, பச்சை நிற டி-ஷர்ட் அச்சடித்துக் கொடுத்து, ஏ அணியின் மைதானமான கொலிசியத்துக்குக் கூட்டத்தைக் கூட்டினார்கள். 27,759 பேர். நானும் மகளும் அதில் இரண்டு பேர். அணியை விற்றுவிடு என்று மொத்த மைதானமும் கத்தியபோது என் பக்கத்தில் இருந்த எழுபது வயதுப் பெரியவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு ஏ அணி ஜெயித்தது. அந்த நவம்பரில் மற்ற அணிகளின் உரிமையாளர்கள் ஒருவர் விடாமல் ஏ அணி வேகஸுக்குப் போகக் கைதூக்கினார்கள். அதே மாதக் கடைசியில்தான் பாலர்ஸ் அறிவிப்பு வந்தது. ஏ அணியைப் பார்த்து வளர்ந்த இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய அணி. ஊரை விட்டுப் போகிற அணிகளுக்கு நடுவில், ஊருக்குள் வருகிற அணி இது. அது ஆடுகிற இடம் ஸ்டேடியம் இல்லையென்றால் வேறு எது ஸ்டேடியம்?

"சின்ன லீக்தானே" என்பீர்கள். ஆமாம், பயனியர் லீக். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் ஆட்டத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் நாளை அமெரிக்கா-கனடா ஆட்டத்தோடு டி20 உலகக் கோப்பை தொடங்குகிற டெக்சாஸ் மைதானம் என்ன? 2008இல் பேஸ்பாலுக்காகத் திறந்தது. ஏர்ஹாக்ஸ் என்ற சின்ன லீக் அணி ஆடிய இடம். போன வருடம் நீங்கள் மஞ்சள் சட்டை போட்டு விமானம் ஏறிப் போய் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸைப் பார்த்துவிட்டு வந்ததும் அதே இடம்தான். அன்றைக்கு நான் லைக் போட்டேன், அண்ணாச்சி. சின்ன மைதானம் என்று எழுதவில்லை.

"பொதுப் பூங்காவை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கலாமா" என்று இன்னொரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லாமல் போனால் நானும் சண்டைக்கு வருவேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனி அந்த இரண்டாவது வரி. "அந்த ஏரியா."

அண்ணாச்சி, அந்த ஏரியாவில் உள்ள மெக்லிமண்ட்ஸ் பள்ளியில் படித்தவர்தான் ஃபிராங்க் ராபின்சன், 1975இல் மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர், அதாவது அணியை நடத்துகிற தலைமைப் பயிற்சியாளர். கர்ட் ஃபிளட் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் படித்ததும் அங்கேதான். 1969இல் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியபோது, நான் விற்று வாங்கும் பொருள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர். வழக்கில் தோற்றார், ஆட்டத்தையும் இழந்தார். ஆனால் இன்றைக்கு ஆட்டக்காரர்களுக்கு இருக்கிற உரிமைகளுக்கு அவர் போட்ட சண்டைதான் தொடக்கம். ரைமாண்டி என்பதே இந்த ஊர் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் பெயர், இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்டவர்.

1989 அக்டோபர் 17, நிலநடுக்கம். ஏ அணிக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸுக்கும் உலகத் தொடர் நடந்துகொண்டிருந்த வாரம். மேற்கு ஓக்லாந்தின் நடுவே போன சைப்ரஸ் ஈரடுக்கு நெடுஞ்சாலை இடிந்து 42 பேர் செத்தார்கள். முதலில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி, இடிந்த கான்கிரீட்டில் ஏறி, காருக்குள் மாட்டியவர்களை வெளியே இழுத்தவர்கள் அந்த ஏரியா ஜனங்கள். உள்ளே இருந்தவர்கள் யார்? நம்மைப் போல வேலை முடிந்து வேறு ஊருக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள்தான் பலர்.

அங்கே குற்றம் நடக்கவில்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. போன வருடம் வரை வுட் தெருவில் வரிசையாகக் கூடாரங்கள் இருந்ததும் தெரியும். அதைக் காலி செய்தார்களே, அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நாம் குடியிருக்கிற ஃப்ரீமாண்டில் உட்கார்ந்துகொண்டு "கார் கண்ணாடியை உடைப்பான்" என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நாம் எதுவுமே பேசியதில்லை. பதினெட்டு வருடமாக நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் மகள் மூன்று வருடமாக சாஃப்ட்பால் ஆடுகிறாள், பிட்ச்சர், அதாவது பந்து எறிபவள். பாலர்ஸ் அணி கெல்சி விட்மோரை எடுத்திருக்கிறது. பயனியர் லீக்கில் ஆடும் முதல் பெண், அவரும் பிட்ச்சர். செய்தி வந்த அன்றைக்கே என் மகள் அவர் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். வேலியோரம் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னதே அவள்தான். உங்கள் கமெண்டைப் படித்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைன்னா என்னைத்தானே அப்பா சொல்றாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. கிளவுஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சுவரில் பந்து படுகிற சத்தம் இருட்டும் வரை கேட்டது.

ஜூன் 4 அன்று நம் ஊர் ஓட்டு எண்ணிக்கை என்று சொல்ல வேண்டாம். இங்கே திங்கள் இரவே தொடங்கிவிடும், செவ்வாய் மாலைக்குள் யார் எத்தனை என்று தெரிந்துவிடும். ஆட்டம் மாலையில்தான், டேவிஸ் ஊரின் யோலோ அணியோடு. மனைவிக்கும் சேர்த்து நான்கு டிக்கெட் எடுத்தேன், ஒன்று மீதியிருக்கிறது. அதை வேறு யாருக்கும் தர மகள் விடவில்லை. உங்களுக்குத்தான் என்கிறாள். ஐந்து மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும், அண்ணாச்சி.