கிளாக் லூப்புக்கு ஃபைபர் என்னய்யா பண்ணும்?

எஸ்டிஎச் ரிங்ல (நோடுகளை ஃபைபரால வளையமா கோத்த டெலிகாம் நெட்வொர்க்) பாயின்டர் கவுன்ட் (கிளாக் வித்தியாசத்தைச் சரிக்கட்ட டேட்டாவை நகர்த்துற எண்ணிக்கை) எகிறுது, இ1-ல (2 எம்பிபிஎஸ் லைன்) ஸ்லிப் (ஒரு ஃப்ரேம் தவறிப்போறது, இல்ல ரெண்டு தடவை வர்றது) விழுதுன்னு கம்ப்ளெய்ன்ட் வந்தா போதும், பவர் மீட்டரைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. கனெக்டரைத் துடைக்கிறது, பேட்ச் கார்டை மாத்துறது, அப்புறம் எஸ்எஃப்பி (ஆப்டிக்கல் மாட்யூல்). யப்பா, ரிசீவ் லெவல் சரியா இருக்கு, பி1, பி2 எரர் (லைன்ல பிட் கெட்டுச்சான்னு காட்டுற கணக்கு) ஒண்ணுகூட இல்ல. பிட் கெடல. ஒரு நோடோட ஓட்டம் இன்னொண்ணோட ஒத்துப்போகல, அவ்வளவுதான். அதுக்குத் துணி எதுக்கு?

வழக்கமான கூத்து இதுதான். ஏ நோடுக்கு மட்டும் வெளியிலிருந்து 2 மெகாஹெர்ட்ஸ் கிளாக். மத்த எல்லாத்துக்கும் முதல் முன்னுரிமை மேற்கு லைன், ரெண்டாவது கிழக்கு லைன் (பி-க்கு மேற்கே ஏ, கிழக்கே சி). எஸ்எஸ்எம் (கிளாக்கோட தரத்தைப் பக்கத்து நோடுக்குச் சொல்ற செய்தி) ஆஃப்! ஏ–பி நடுவுல கேபிள் அறுந்ததும் பி கிழக்கே திரும்பி சி-கிட்ட கிளாக் எடுக்கும். சி-யோ இன்னும் பி-கிட்டதான் எடுத்துட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு துரத்திக்கிட்டே மெல்ல விலகிப் போகும். இதுதான் கிளாக் லூப். அலாரமா? ஒரு மண்ணும் வராது. ரெண்டு நோடும் ‘லாக்டு’ன்னு பச்சையா காட்டும்.

அங்க ஸ்ப்ளைசிங் டீம் கேபிளை ஒட்டி முடிச்சதும், வெயிட் டு ரிஸ்டோர் டைமர் (பொதுவா 5 நிமிஷம்) ஓடி முடிஞ்சு, பி பழையபடி மேற்குக்குத் திரும்பிடும். ஸ்லிப் நின்னுடும். உடனே "பார்த்தீங்களா, துடைச்சதும் சரியாயிடுச்சு"ன்னு ரிப்போர்ட்! இதைப் படிச்சா வயிறு எரியாம என்ன செய்யும்?

முதல்ல ஒரு தாளை எடுங்க. ஒவ்வொரு நோடும் இப்போ எங்கிருந்து கிளாக் எடுக்குதுன்னு என்எம்எஸ்ல (நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) பார்த்து அம்புக்குறி போடுங்க. எல்லா அம்பையும் பின்னால தொடர்ந்தா ஏ-ல போய் முடியணும். ரெண்டு அம்பு நேருக்கு நேர் நின்னா ஆள் மாட்டிக்கிட்டான். பாயின்டர் கவுன்ட் ஒரே திசையில விடாம ஏறினா ஃப்ரீக்வென்சியே வேற. ரெண்டு திசையிலயும் எப்போவாவது விழுந்தா வான்டர் (கிளாக்கோட மெதுவான ஆட்டம்). ஸ்லிப் வேகமும் துப்பு கொடுக்கும். நல்ல பிஆர்சி (நெட்வொர்க்கோட முதன்மை ரெஃபரன்ஸ் கிளாக்) ரெண்டு தனித்தனியா ஓடினாக்கூட மோசமான நிலையில 72 நாளைக்கு ஒரு ஸ்லிப்தான். 4.6 பிபிஎம் (பத்து லட்சத்துல 4.6 பங்கு) விலகின நோடுன்னா 27 செகண்டுக்கு ஒண்ணு. நிமிஷத்துக்கு ரெண்டு விழுதுன்னா எங்கேயோ ஒரு நோடு தன் இஷ்டத்துக்கு ஓடுது.

எஸ்எஸ்எம் ஆன்ல இருந்தா சி, பி பக்கம் டிஎன்யூ (‘இந்தக் கிளாக்கை எடுக்காதே’ங்கிற செய்தி) அனுப்பும். பி அதைத் தொடாம ஹோல்டோவர்ல (கடைசியா இருந்த ஓட்டத்தை நினைவுல வச்சுத் தானா ஓடுறது) நிக்கும். தரம் குறைஞ்ச செய்தி கடைசி நோடு வரை போனதும், அது மறுபக்கம் ஏ-கிட்ட திரும்பும், நல்ல கிளாக் அந்த வழியா பி வரைக்கும் வந்து சேரும். இவ்வளவு அழகா டிசைன் பண்ணி வச்சிருக்கான். நம்மாளு என்ன செய்றார்? லைன் போர்ட்ல தரத்தைக் கையாலேயே ‘பிஆர்சி’ன்னு போட்டு வைக்கிறார். டிஎன்யூ வந்தாலும் பாக்ஸ் கண்டுக்காது!

எஸ்டிஎச் வழியா வந்த இ1-லிருந்து கிளாக் எடுக்குற மகானுபாவர்களும் உண்டு. டியூ-12 (எஸ்டிஎச்ல இ1-ஐச் சுமக்குற பகுதி) பாயின்டர் ஒரு தடவை நகர்ந்தா ஒரு பைட், அதாவது 8 பிட் ஆட்டம். அந்த ஆட்டத்தையா ஒரு எக்ஸ்சேஞ்சுக்கே கொடுப்பீங்க? எஸ்டிஎம் லைன்லிருந்து (எஸ்டிஎச்சோட லைன் சிக்னல்) எடுங்க. ரவுட்டர் ரெண்டு முனையிலயும் கிளாக் ‘இன்டர்னல்’னு போட்டுட்டு லிங்க் சரியில்லன்னு கத்துறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

இதெல்லாம் சரி பண்ணிட்டு, ராத்திரி மெயின்டனன்ஸ் நேரத்துல ஏ–பி லேசரை ஆஃப் பண்ணிப் பாருங்க. பி-யோட சோர்ஸ் கிழக்குக்கு மாறி, தரம் பிஆர்சின்னு காட்டாம டிக்கெட்டை மூடாதீங்க.