எக்ஸ் மண்டலம் என்றால் வெள்ளமே வராதா?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் வீடு வாங்கப் பார்ப்பவருக்கு ஒருவர், “எக்ஸ் மண்டலம்தானே, வெள்ளக் காப்பீடு தண்டம். நூறு வருட வெள்ளம் 2017-லேயே வந்து போய்விட்டது” என்று யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். எக்ஸ் மண்டலம் என்பது அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்திருக்கும் பகுதி.

நூறு வருட வெள்ளத்துக்கு ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு உண்டு. போன வருடம்தானே வந்தோம் என்று மழை கணக்குப் பார்க்காது. 30 வருட வீட்டுக் கடன் அடைவதற்குள் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு. ஹூஸ்டனின் மேயர்லேண்ட் பகுதியில் 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று வருடம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

எக்ஸ் மண்டலத்தில் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, அவ்வளவுதான். 2017-ல் வந்த ஹார்வி புயலின்போது, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) மூழ்கிய வீடுகளில் பாதிக்கு மேல் நூறு வருட வெள்ள எல்லைக்கு வெளியே இருந்தவை. ஃபீமா வரைபடம் பெரும்பாலும் ஓடை கரைபுரள்வதைக் காட்டும். தெரு வடிகால் திணறி வாசலேறும் தண்ணீரை அல்ல.

“வீட்டுக் காப்பீடு பார்த்துக்கொள்ளும்” என்றும் இன்னொருவர் எழுதியிருக்கிறார். பார்க்காது. புயலில் கூரை பிய்ந்து மழை இறங்கினால் பொதுவாகப் பணம் வரும்; தரையிலிருந்து ஏறி வந்தால் வராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, சாமான்களுக்குத் தனியாக 1,00,000 வரை. சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்பதால், மெக்ஸிகோ வளைகுடாவில் புயல் உருவான பிறகு ஓடிப் பயனில்லை.

அப்புறம், வீட்டின் குறைகளைச் சொல்லி விற்பவர் தரும் டிஸ்க்ளோஷர் படிவத்தில் முந்தைய வெள்ளம் பற்றிய கேள்விகளை முதலில் படியுங்கள். ஹூஸ்டன் இருக்கும் டெக்ஸஸ் மாநிலத்தில் 2019 முதல் அதை விரிவாகவே சொல்லியாக வேண்டும்.