அருவிச் சத்தத்தைக் கேக்க விடுங்களேன்!

3 மணி நேரம் காட்டுக்குள்ள ஏறிப் போறது எதுக்கு? அருவி கண்ணுல படுறதுக்கு முன்னாடியே மரங்களுக்கு நடுவுல இருந்து ஒரு இரைச்சல் வரும். அதைக் கேட்டதும் கால்வலியே மறந்துடும். நேத்து அது கேக்கவே இல்லை. முன்னால போன ஒருத்தர் பையில ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறிக்கிட்டே வந்தது. ரெண்டு பக்கமும் பாறை, எதிரொலி வேற! பாசி படிஞ்ச கல்லுமேல வாலாட்டிக்கிட்டிருந்த சின்னக் குருவி விருட்டுனு பறந்துடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. மேல மழை பெஞ்சா, கீழ வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துடும். இரைச்சல் திடீர்னு கூடும், தண்ணி கலங்கும். ஓடித் தப்பிக்கச் சொல்ற முக்கியமான அறிகுறிகள் இவை. அந்த இரைச்சலையும் அமுக்கிட்டு அப்படி என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு? வீட்டுல கேட்டுக்கக்கூடாதா?