கொந்தராத்துக்காரருக்கு நட்டஈடு இல்லையா?

"உப்புவெளி ஹோட்டல் கட்டடத்தில் சாரக்கட்டிலிருந்து விழுந்த மேசன் கொந்தராத்து (ஒப்பந்த) ஆள், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, நட்டஈடு கிடைக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தது பிழை.

இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கும் ஈ.பி.எப்.புக்கும் தொடர்பில்லை. காசு கொடுத்த வவுச்சரில் "கொந்தராத்து" என்று எழுதியிருப்பதும் முடிவான சான்றல்ல. வேலை நேரத்தையும் முறையையும் யார் தீர்மானித்தார், சாமான் யாருடையது, நாட்கூலியா, தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா என்பவைதான் எடைபோடப்படும். முழு வேலைக்கும் விலை பேசி, சொந்த ஆட்களை வைத்துச் செய்து, லாபநட்டத்தைத் தானே சுமப்பவர் உண்மையான கொந்தராத்துக்காரர். அவருக்கு இது கிடைப்பது கடினம்தான். ஆனால் அவரிடம் நாட்கூலிக்கு நின்ற மேசனின் கதை வேறு. தன் தொழிலுக்கான வேலையைக் கொந்தராத்துக்கு விட்ட பிரதான முதலாளியிடமும் அந்த மேசன் கோரலாம். கொடுத்ததை முதலாளி பிறகு கொந்தராத்துக்காரரிடம் அறவிடலாம். (தன் வீட்டைக் கட்டுவிக்கும் சாதாரண ஆளுக்கு இது பொருந்தாது, பலர் குழம்புவது இங்கேதான்.)

விபத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள். ஆஸ்பத்திரி அட்டை, சம்பளத் துண்டு, கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்து வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். மரணமென்றால் நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடமே வைப்பிட வேண்டும். செத்தவீட்டில் கையில் திணிக்கும் காசோடு கணக்குத் தீராது.