ஆட்டு ரோமத்துக் களிம்பும் நம்ம மில் தவிடும்

பித்தவெடிப்புக்கு வாங்கும் களிம்பில் 'லனோலின்' என்று போட்டிருந்தால் அது கம்பளி மெழுகு. உடனே அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் கீதாரிகளின் ஆடுகளை நினைக்காதீர்கள். அவை முடி ஆடுகள். நமக்கு வேண்டியது அவற்றின் புழுக்கையும் மூத்திரமும்தான். மெழுகு தருபவை ஆஸ்திரேலிய மெரினோ மாதிரி கம்பளி ஆடுகள். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் சுழற்றிப் பிரிப்பார்கள். முழுசும் வராது, மிச்சம் அழுக்கோடும், உண்ணிக்கு அடித்த மருந்தோடும் கழிவில் போகும்.

இதைவிட மதிப்பானது நாருக்குள்ளேயே இருக்கும் கொழுப்பு. கம்பளி எடையில் 1.5 சதவீதம் போலத்தான் தேறும். ஆனால் அதில் செராமைடு உண்டு. நம் மேல்தோலில் ஈரம் போகாமல் அடைத்து நிற்பதும் அதே வகைதான். அலசினால் இது வராது. குளோரோபார்மும் மெத்தனாலும் ஊற்றிக் காய்ச்சி எடுப்பது பழைய வழி. முகத்தில் பூசுகிற சரக்குக்கு இப்படியா?

பார்சிலோனா ஆய்வாளர்கள் கரியமில வாயுவைக் கொண்டே எடுத்துக் காட்டினார்கள். 31 டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தம் என்றால் அந்த வாயு நாருக்குள் புகுந்து கொழுப்பைக் கரைக்கும். அழுத்தத்தைத் திறந்துவிட்டால் வாயு பறந்துவிடும், கொழுப்பு நிற்கும். செராமைடு வர மட்டும் கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்க வேண்டும். 31 டிகிரி நம்ம சித்திரை நிழலிலேயே இருக்கிறது, காசெல்லாம் அழுத்தத்துக்குத்தான்.

சரி, செராமைடுக்கு ஆஸ்திரேலிய ஆடுதான் வேண்டுமா? தவிட்டிலும் அந்த வகை உண்டு. ஜப்பானில் அரிசி செராமைடு என்றே விற்கிறார்கள். நம் மில் தவிடோ மாட்டுக்குப் போகிறது, இல்லாவிட்டால் எண்ணெய் ஆலைக்கு. ஆலையில் பெரும்பாலும் ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை ஊற்றித்தான் எண்ணெய் எடுக்கிறார்கள். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று உட்கார்ந்தோமே, ஹெக்சேனும் ஹைட்ரோகார்பன்தான்! (மீட்டு மறுபடி ஊற்றுகிறார்கள் என்பது உண்மை. கொஞ்சம் காற்றில் போகிறது என்பதும் உண்மை.)

தவிட்டைத் தூரத்துக்கு ஏற்றி அனுப்புவதும் சரிவராது. அரைத்த உடனே அதில் இருக்கும் நொதி வேலையை ஆரம்பித்துவிடும், சீக்கிரமே சிக்குவாடை வந்துவிடும். மில் பக்கத்திலேயே எடுத்தாக வேண்டும். ஆனால் கரியமில வாயு வழிக்கு வேண்டிய அழுத்தக் கலனை ஒற்றை மில்காரரால் வாங்க முடியாது. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே பொதுவாக ஒன்று வைத்து, மில்கள் வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஆல்கஹாலுக்குச் சர்க்கரை ஆலை எத்தனால் போதும். மின்சாரச் செலவுதான் எனக்கு இடிக்கிறது. மில் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.