சாமி வாசலில் சாப்பிடாமல் திரும்புகிறவர்கள்

ஜப்பானுக்கு ஆள் சேர்க்கும் சுற்றுலா விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற வரி ஒன்று உண்டு: ‘மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு.’ அந்த வரிக்காகவே பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ அதைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. காலையில் கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயில், பகலில் பஸ்ஸிலேயே எலுமிச்சை சாதம், மாலையில் இன்னொரு கோயில், இரவு பனீர் பட்டர் மசாலா. இப்படிப் போய்வந்தவர்கள் ஜப்பானியக் கோயில்களைப் பாதிதான் பார்த்தார்கள் என்பது என் கட்சி. அங்கே உள்ளே இருக்கிற சாமியும் வாசலில் விற்கிற பண்டமும் ஒரே சங்கதி.

நம்பாதவர்கள் இசே என்ற கோயில் நகருக்குப் போகவேண்டும். உட்கோயிலான நைகூவில் இருப்பவள் சூரிய தேவி அமதெராசு. சில கிலோமீட்டர் தள்ளி, வெளிக்கோயிலான கெகூவில் தொயோஉகே. அமதெராசுவுக்கு உணவு படைப்பதற்கென்றே இவளை வரவழைத்துக் குடியேற்றினார்கள் என்பது ஐதீகம். அதனால்தான் முதலில் கெகூ, பிறகு நைகூ என்ற வழக்கம். கெகூவில் காலையும் மாலையும் தெய்வங்களுக்குச் சாப்பாடு உண்டு. கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்குகிறார்கள். அரிசி கோயில் வயலில் விளைந்தது, உப்பு கோயிலே காய்ச்சியது, தண்ணீர் கோயில் கிணற்றிலிருந்து. சோறு, மீன், கடற்பாசி, காய், பழம், சாக்கே என்ற அரிசி மது என்று பட்டியல் நீளும். சுமார் 1500 ஆண்டுகளாக இது ஒரு நாளும் தவறவில்லை என்கிறார்கள். நைவேத்தியம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். சாமிக்கு மீனா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம்மூர்க் கருப்பனுக்கு அதுவும் புதிதில்லை.

சன்னதியையோ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சுப் பிசகாமல் புதிதாகக் கட்டி, சாமியை மாற்றிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக மாற்றியது 2013இல், அடுத்தது 2033. கட்டடத்துக்கு வயது இருபதைத் தாண்டாது, அடுப்புக்கு ஆயிரத்தைந்நூறு.

நைகூவில் கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. வேலிகள், ஒரு வெள்ளைத் திரை, அதற்குமேல் கூரையின் ஒரு பகுதி. படிக்கட்டுக்கு அப்பால் படம் எடுக்கவும் கூடாது. ‘பார்க்க ஒன்றுமே இல்லையே’ என்று முணுமுணுத்தபடி திரும்புகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. இசுசு ஆற்றின் பாலத்தைக் கடந்து வெளியே வந்தால் ஒஹராய்மாச்சி தெரு. பழைய மரவீடுகளில் நெருக்கமாகக் கடைகள். அதில் அகாஃபுகு என்ற கடை 1707இலிருந்து ஒரே பண்டத்தைப் போடுகிறது. ஒரு வாய் அளவு மோச்சி (ஒட்டும் அரிசியை இடித்துச் செய்த உருண்டை), அதன் மேல் அசுகி என்ற சிறு சிவப்புப் பயற்றை அரைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய விழுது. விழுதின் மேல் விரலால் இழுத்த மூன்று கோடுகள். அவை இசுசு ஆற்றின் அலைகளாம், அடியில் இருக்கிற வெள்ளை மோச்சி ஆற்றின் அடியில் கிடக்கிற கூழாங்கல்லாம். சற்று முன் நடந்துவந்த ஆறு தட்டில் இருக்கிறது. கூடவே சூடான தேநீர். நம் நாக்குக்குப் பூரணக் கொழுக்கட்டையை உள்வெளியாகத் திருப்பியது போல இருக்கும், தேங்காய், ஏலக்காய் இல்லாமல்.

அதே தெருவில் இசே உதோன் கிடைக்கும். தடித்த, கடிக்கவே தேவையில்லாத அளவு வெந்த நூடுல்ஸ், அடியில் கரிய சோயாச் சாறு. நடந்து களைத்து வந்த யாத்திரிகர்களின் வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று இப்படி வேகவைத்தார்களாம். சுவை என்று பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

கியோத்தோவில் நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போகும் இடம் ஃபுஷிமி இல்லை, வடக்கே இருக்கும் இமாமியா கோயில். கொள்ளைநோய் தீர வேண்டி எழுந்த கோயில் அது. கிழக்கு வாசலுக்கு வெளியே எதிரெதிராக இரண்டு கடைகள், இரண்டிலும் விற்பது அபுரி மோச்சி ஒன்றுதான். அவற்றில் ஒன்றான இச்சிவா, தான் தொடங்கிய ஆண்டு 1000 என்று சொல்கிறது. கட்டைவிரல் நுனி அளவு மோச்சி உருண்டையைச் சோயாப் பயற்று மாவில் புரட்டி, மூங்கில் குச்சி நுனியில் செருகி, கரியடுப்பில் விசிறி விசிறிச் சுடுகிறார்கள். ஓரம் கருகித் தீய்ந்த வாசம் எழும்போது எடுத்து, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுதான மிசோவில், வெள்ளை வகையைக் கரைத்த இனிப்பான சாற்றில் நனைத்துத் தருகிறார்கள். சாப்பிட்டால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. எனக்கு அந்தக் கருகல் போதும்.

‘கோயிலுக்குப் போவது கும்பிடவா, தின்னவா?’ என்று இந்தப் பதிவின் கீழே யாராவது கேட்கத்தான் போகிறார்கள். இந்தக் கோயில்களின் மதமான ஷிந்தோவின் வழிபாட்டில் சாமிக்குப் படைத்ததை எடுத்து எல்லோரும் உண்டு குடிப்பது சடங்கின் ஓர் அங்கம். நாஓராய் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. வாசல் கடைப் பண்டம் படையல் இல்லைதான். ஆனால் அந்தச் சாமியின் கதை இல்லாமல் அந்தப் பண்டமும் இல்லை. ஃபுஷிமி இனாரியையே பாருங்கள். இனாரி நெல்லுக்கான தெய்வம், தூது போவது நரி, நரிக்குப் பிடித்தது பொரித்த தோஃபு என்பார்கள். அந்தத் தோஃபுவைப் பை போலத் திறந்து சோறு அடைத்தால் இனாரி சூஷி. நெல்லைக் கொத்தும் சிட்டுக்குருவியைச் சுட்டு விற்கும் வழக்கமும் அந்த வாசலில் உண்டு. அதன் பக்கம் நான் போகவில்லை.

சைவக்காரர்களின் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்த தாஷி, உதோன் சாற்றில் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியாமல் பல பண்டங்களில் இருக்கும். இனாரி சூஷியின் தோஃபுவும் அதில் வெந்திருக்கலாம். கேட்டுத்தான் வாங்கவேண்டும். மாவும் பயறுமாக இருக்கிற மோச்சி வகையில் இந்தத் தொல்லை குறைவு. முழுச் சாப்பாடே சைவமாக வேண்டுமென்றால் பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல் இருக்கிறது, அதில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கி, எள்ளை அரைத்துச் செய்த கோமா தோஃபுவோடு சாப்பிடலாம். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும்.

இசேவுக்கு நகோயாவிலிருந்து கிந்தெத்சு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இசேஷி நிலையத்தில் இறங்கினால் கெகூ நடக்கும் தூரம், அங்கிருந்து நைகூவுக்கு பஸ் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். அகாஃபுகு தலைமைக் கடை ஐந்து மணிக்கே திறந்துவிடும். மாலை ஐந்துக்கு மேல் அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும்.